4 மாதம் மில் ஓடவில்லை... ஆனாலும் முழுச் சம்பளம்! யார் இந்த ராபர்ட் ஓவன்?

வருஷத்துக்கு ஒருமுறை ஹெச்.ஆர். துறையிலிருந்து ஒரு படிவம் வரும். வேலை பிடித்திருக்கிறதா, மேனேஜர் எப்படி நடத்துகிறார், ஆபீஸ் சூழல் எப்படி என்று ஏழெட்டு கேள்விகள். டிக் அடித்து அனுப்பிவிட்டு அதோடு மறந்துவிடுவோம். உண்மையில் வேலை செய்பவர் மனசு நிறைவா இருந்தா உற்பத்தி கூடுமா? இல்லை, கம்பெனிகள் பேசும் அழகான பேச்சு மட்டும்தானா?

இந்தக் கேள்வியை 200 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் கையில் எடுத்தார். அவர் தொழிற்சங்கத் தலைவர் இல்லை, பேராசிரியர் இல்லை. பஞ்சாலை முதலாளி. பதிலையும் மேடையில் சொல்லவில்லை, லாபக் கணக்கில் காட்டினார். அவர்தான் ராபர்ட் ஓவன். கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று பாடப் புத்தகங்களில் ஒரு வரியில் கடந்துபோகும் பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன நடந்தது?

10 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிய பையன்

1771 மே 14. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நியூடவுன் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ஓவன். அப்பா குதிரைச் சேணம் செய்பவர், இரும்புச் சாமான் கடையும் வைத்திருந்தார். 7 பிள்ளைகளில் இவர் 6-வது. பள்ளிப் படிப்பு ஒன்பது வயசோடு முடிந்தது. 10 வயதில் ஊரை விட்டே கிளம்பிவிட்டார்.

ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. கடைக்காரர் நல்ல மனுஷர். துணியைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் பழக்கம் பையனுக்கு அங்கேதான் வந்தது. அடுத்து லண்டனில் ஒரு பெரிய கடை. அங்கே நிலைமை தலைகீழ். சீசன் நேரத்தில் காலையில் தொடங்கும் வேலை நள்ளிரவு தாண்டி 2 மணி வரை போகும். மாடிப்படி ஏறக்கூட காலில் தெம்பு இருக்காது. ஒரே தொழில், ஒரே பையன். ஆனா ஒரு கடையில் கற்றுக்கொண்டார், இன்னொரு கடையில் களைத்துப்போனார். பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகளைப் பார்க்கும்போது, இந்த இரண்டு கடைகளும் அவர் மனசை விட்டுப் போகவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

பிறகு மான்செஸ்டர். அந்தக் காலத்தில் பருத்தி நூலின் தலைநகரம் அதுதான். நம்ம கோயம்புத்தூரை ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று சொல்கிறோமே, அந்த மான்செஸ்டர். அண்ணனிடம் 100 பவுண்டு கடன் வாங்கி, ஒரு பார்ட்னருடன் சேர்ந்து நூற்பு இயந்திரங்கள் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு 18 வயதுதான்.

வாயைத் திறக்காத 6 வாரம்

20 வயதை ஒட்டிய நேரத்தில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பீட்டர் டிரிங்க்வாட்டர் என்பவரின் மில்லுக்கு மேனேஜர் தேவை என்று விளம்பரம். நேரில் போனார். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, வருஷத்துக்கு 300 பவுண்டு என்றார். அன்று காலை வந்தவர்கள் எல்லாரும் கேட்டதைக் கூட்டினால்கூட இவ்வளவு வராதே என்று முதலாளி அசந்துபோனாராம். ஆனாலும் வேலை கிடைத்தது.

500 பேர் வேலை செய்யும் மில். அந்த அளவு பெரிய ஆலையை நடத்திய அனுபவம் இவருக்கு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? முதல் ஆறு வாரம் யாருக்கும் ஒரு உத்தரவும் போடவில்லை. காலையில் முதல் ஆளாக வருவார், ராத்திரி கடைசி ஆளாகப் போவார். யாராவது ஏதாவது கேட்டால் ஆமாம், இல்லை என்பதோடு சரி. இயந்திரம் எப்படி ஓடுகிறது, ஆட்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். புது மேனேஜர் வந்த முதல் நாளே பத்து மீட்டிங் போடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு அந்த மில்லில் நூற்ற நூல் 120-ஆம் கவுண்டிலிருந்து 250-ஐத் தாண்டியது. கவுண்ட் எண் கூடக்கூட நூல் மெலிசாகும், விலையும் கூடும். திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பார்ட்னர் ஆக்குவதாகச் சொன்ன டிரிங்க்வாட்டர், குடும்பத்தில் ஒரு சம்பந்தம் பேசி வந்ததும் பின்வாங்கப் பார்த்தார். ஓவன் ஒப்பந்தத்தை அவர் முன்னாலேயே தீயில் போட்டுவிட்டு வெளியேறினார்.

ஆத்தங்கரையில் ஒரு மில் ஊர்

தொழில் விஷயமாக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் போன இடத்தில் கரோலினைச் சந்தித்தார் ஓவன். அவருடைய அப்பா டேவிட் டேல் பெரிய தொழிலதிபர். கிளைடு ஆற்றின் அருவிகளுக்குப் பக்கத்தில், தண்ணீர் விசையில் ஓடும் மில்களையும் அதைச் சுற்றி ஒரு ஊரையும் கட்டியிருந்தார். ஊர் பெயர் நியூ லானார்க். மான்செஸ்டர் பார்ட்னர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த மில்லையே 60,000 பவுண்டுக்கு விலைபேசினார் ஓவன். வருஷத்துக்கு 3,000 வீதம் 20 வருஷத் தவணை. 1799-ல் கரோலினுடன் கல்யாணமும் ஆனது. 1800 ஜனவரியில் மில் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது.

ஏறத்தாழ 2,000 பேர் இருந்த ஊர் அது. அதில் கிட்டத்தட்ட 500 பேர், அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகள். ஐந்து, ஆறு வயதிலேயே வேலைக்கு வந்தவர்களும் உண்டு. காலை 6 மணிக்கு உள்ளே போனால் மாலை 7 மணிக்குத்தான் வெளியே வருவார்கள். அதுக்கப்புறம் ராத்திரிப் பள்ளிக்கூடம். டேல் கொடுமைக்காரர் இல்லை. அந்தக் காலத்து முதலாளிகளோடு ஒப்பிட்டால் சாப்பாடு, துணிமணி எல்லாம் நன்றாகவே கொடுத்தார். ஆனா 13 மணி நேரம் மில்லில் நின்ற குழந்தைக்கு ராத்திரி எழுத்து எங்கே ஏறும்?

பெரியவர்கள் பக்கம் திருட்டு, குடி, சண்டை. நூல் கண்டு காணாமல் போகும். திங்கட்கிழமை ஆள் வராது. ஓவன் அவர்களுக்கு அந்நியர் வேறு. பேச்சு வேறு, ஊர் வேறு. வந்தவர் நம்மைப் பிழிந்து காசு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று தொழிலாளர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். முதல் சில வருஷம் அவர் கொண்டுவந்த எல்லாவற்றையும் மறைமுகமாக எதிர்த்தார்கள்.

என்னவெல்லாம் மாற்றினார்?

அநாதை விடுதிகளிலிருந்து குழந்தைகளை எடுப்பதை நிறுத்தினார். 10 வயசு ஆகாத பிள்ளைக்கு மில்லில் வேலை இல்லை என்றார். பெற்றவர்களுக்கே இது பிடிக்கவில்லை, வீட்டு வருமானம் குறையுமே!

ஊரில் இருந்த மளிகைக் கடைகளில் சரக்கு மட்டம், விலை அதிகம், எல்லாம் கடன் கணக்கு. ஓவன் மொத்தமாகச் சரக்கு வாங்கி, அடக்க விலையை ஒட்டியே விற்கும் கடை ஒன்றைத் திறந்தார். தொழிலாளர் குடும்பச் செலவில் கால்வாசி மிச்சமானது. அந்தக் கடையில் வந்த சிறு லாபம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஒவ்வொருவர் சம்பளத்திலும் 60-ல் ஒரு பங்கு பிடித்து வைத்தியச் செலவுக்கு நிதி சேர்த்தார். சேமிப்பு வங்கியும் வந்தது.

வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கமிட்டி போட்டார். வீட்டுப் பெண்கள் கொதித்துப்போய் அந்தக் கமிட்டிக்காரர்களுக்கு மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்கள் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. சம்பளம் கொடுப்பவர் சமையலறை வரை எட்டிப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

பேசாத மேஸ்திரி

ஓவன் பெயரைச் சொன்னாலே இன்றும் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் பேசப்படுவது ஒரு மரத்துண்டு. விரல் நீளம்தான் இருக்கும். நான்கு பக்கமும் நான்கு நிறம். கறுப்பு என்றால் மோசம், நீலம் என்றால் சுமார், மஞ்சள் என்றால் நல்லது, வெள்ளை என்றால் பிரமாதம். ஒவ்வொரு தொழிலாளிக்குப் பக்கத்திலும் ஒன்று தொங்கும். முந்தின நாள் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு ஏற்ற நிறம் முன்பக்கம் தெரியும்படி மேற்பார்வையாளர் திருப்பிவைப்பார். ஓவன் மில்லுக்குள் நடந்து வருவார். திட்டமாட்டார், அடிக்கமாட்டார். நிறத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், நடந்து போய்விடுவார். அவ்வளவுதான்.

மற்ற மில்களில் மேஸ்திரி கையில் பெல்ட் இருந்த காலம் அது. குழந்தைகளை அடித்து வேலை வாங்குவது சர்வசாதாரணம். அந்தப் பின்னணியில் பார்த்தால் இது பெரிய மாற்றம். இன்னொன்றும் கவனிக்கணும். மேற்பார்வையாளர் போட்ட நிறம் அநியாயம் என்று நினைத்தால், தொழிலாளி நேராக ஓவனிடமே முறையிடலாம். ஆரம்பத்தில் கறுப்பும் நீலமும்தான் நிறைய தெரிந்ததாம். வருஷம் போகப்போக மஞ்சளும் வெள்ளையும் கூடின என்று தன் வயதான காலத்தில் எழுதிய சுயசரிதையில் பெருமையாகச் சொல்கிறார்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கதைகளில் பாதிக்கு மேல் அவரே சொன்னவை. தன்னைப் பற்றிக் குறைவாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. தவிர, நாள் முழுக்க தலைக்கு மேல் ஒரு நிறம் தொங்கினால் அது ஊக்கமா, கண்காணிப்பா? ஆப்பில் ஸ்டார் ரேட்டிங் வாங்கும் டெலிவரி ஊழியரைக் கேட்டால் தெரியும்.

எல்லாத்தையும் மாற்றிய அந்த 4 மாதம்

மரத்துண்டோ மளிகைக் கடையோ தொழிலாளர் மனசை முழுசாக மாற்றவில்லை. மாற்றியது வேறு ஒன்று.

ஓவன் பொறுப்பேற்று ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த நேரம். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் உரசல் முற்றி, அமெரிக்கா தன் துறைமுகங்களிலிருந்து சரக்கு போவதற்குத் தடை போட்டது. பிரிட்டிஷ் மில்கள் நம்பியிருந்ததே அமெரிக்கப் பஞ்சைத்தான். பஞ்சு விலை எகிறியது. முதலாளிகள் முன்னால் இரண்டே வழி. அநியாய விலைக்குப் பஞ்சு வாங்கி மில்லை ஓட்டுவது, இல்லையென்றால் மில்லை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது. பல மில்கள் கதவைச் சாத்தின. வேலை போனவருக்கு அந்தக் காலத்தில் பி.எஃப். இல்லை, நிவாரணம் இல்லை, பட்டினிதான்.

ஓவன் மில்லை நிறுத்தினார். ஆனா ஒருத்தரையும் அனுப்பவில்லை. இயந்திரங்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, நல்ல நிலையில் வைத்திருப்பதுதான் வேலை என்றார். சம்பளம்? முழுசாக. ஒரு பென்னிகூடப் பிடிக்கவில்லை. 4 மாதம் இப்படியே போனது. ஒரு கண்டு நூல்கூட விற்காத அந்த நாட்களில் 7,000 பவுண்டுக்கு மேல் சம்பளமாகவே போனது. மில்லுக்காகக் கட்டும் வருஷத் தவணையே 3,000 பவுண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

தடை தளர்ந்து மில் மறுபடி ஓடத் தொடங்கியபோது நியூ லானார்க் பழைய ஊராக இல்லை. இந்த ஆள் சொன்னால் செய்வார் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. அதற்கு முன் ஏழு வருஷமாக அவர் போட்ட திட்டங்களுக்கு முரண்டு பிடித்தவர்கள், அதன் பிறகு அதே திட்டங்களுக்கு ஒத்துழைத்தார்கள். வேலைத் திருப்தி என்பதைச் சம்பள உயர்வு, சலுகை என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நியூ லானார்க்கில் சம்பளம் மற்ற பெரிய மில்களைவிட அப்படியொன்றும் கூடுதல் இல்லை. கஷ்டம் வந்தால் நம்மைக் கைவிடமாட்டார்கள் என்ற நிம்மதி இருந்தது, மற்ற மில்களில் அது இல்லை.

அந்தப் பஞ்சு யார் கையால் வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் பறித்த பஞ்சு அது. நியூ லானார்க்கின் நிம்மதி அவர்கள் வரை நீளவில்லை.

லாபம் வந்தும் பார்ட்னர்கள் ஏன் சண்டை போட்டார்கள்?

மில் நல்ல லாபத்தில் ஓடியது. ஆனா பள்ளிக்கூடம், வீடு, தெரு என்று ஓவன் செலவு செய்வதைப் பார்ட்னர்களால் தாங்க முடியவில்லை. 1809-ல் முதல் கூட்டாளிகளுக்கு 84,000 பவுண்டு கொடுத்து விலகச் செய்தார். புதிதாக வந்தவர்கள் அதைவிட மோசம். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுவது எங்கள் தொழில் இல்லை, நாங்கள் வந்தது லாபத்துக்கு என்றார்கள். கடைசியில் மில்லை ஏலத்துக்கே கொண்டுவந்தார்கள். மில்லின் மதிப்பு 40,000 பவுண்டு தேறினால் பெரிது என்று வெளியில் கதை கட்டிவிட்டார்கள். ஓவனைக் கழற்றிவிட்டுக் குறைந்த விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்ளும் திட்டம்.

ஓவன் சும்மா இருக்கவில்லை. லண்டனுக்குப் போய், தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம், வில்லியம் ஆலன் போன்றவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்தார். முதலீட்டுக்கு 5 சதவீதம் மட்டும் எடுத்துக்கொள்வோம், மிச்சம் தொழிலாளர் நலனுக்கும் கல்விக்கும் என்பது ஒப்பந்தம். 1813 கடைசியில் ஏலம். பழைய கூட்டாளிகள் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் 1,14,100 பவுண்டுக்கு ஓவன் தரப்பு மில்லை எடுத்தது. எதற்கும் தேறாது என்று சொன்ன அதே மில்லுக்கு! கணக்கை முடித்துப் பார்த்தபோது, பிரச்சினை நடந்த அந்த நான்கு வருஷத்தில் மட்டும், முதலீட்டுக்கு 5 சதவீத வட்டி போக 1,60,000 பவுண்டு லாபம் வந்திருந்தது.

ஓவன் ஊர் திரும்பிய அன்று தொழிலாளர்கள் வண்டியை வழியிலேயே மறித்தார்கள். குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஊர் முழுக்க விளக்கேற்றியிருந்தார்கள். 13 வருஷம் முன்னால் இவரை நம்பாத அதே ஊர்.

நேரம் குறைந்தால் உற்பத்தி குறையுமா?

1816 ஜனவரி 1-ல் புதிய பள்ளிக் கட்டடம் திறக்கப்பட்டது. நடக்கத் தெரிந்த குழந்தைக்கே அங்கே இடம் உண்டு. அடி இல்லை, திட்டு இல்லை. படம், வரைபடம், பாட்டு, நடனம். அதே காலத்தில் வேலை நேரத்தையும் குறைத்தார். சாப்பாட்டு நேரம் கழித்து நாளுக்கு பத்தே முக்கால் மணி நேரம். இன்றைக்கு நமக்கு அது அதிகம்தான். மற்ற மில்களில் 13, 14 மணி நேரம் ஓடிய காலம் அது. அந்த வருஷம் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னவர், நேரத்தைக் குறைத்ததால் பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை என்று வாதாடினார். களைத்த கை நூலை அறுக்கும், தெம்பான கை அறுக்காது என்பதை மில் தெரிந்தவர்கள் மறுக்க முடியாது.

சக முதலாளிகளுக்கு அவர் எழுத்தில் வைத்த கேள்வி இன்னும் நேரடியானது. உயிரில்லாத இயந்திரத்தை இவ்வளவு பார்த்துப் பார்த்துத் துடைக்கிறீர்களே, அதைவிட நுட்பமான உயிருள்ள இயந்திரத்தை ஏன் கவனிப்பதில்லை? அதில் போடும் பணம் 50 சதவீதம், சில சமயம் 100 சதவீதம்கூடத் திரும்பி வரும் என்று கணக்குச் சொன்னார். முதலாளிகள் மொழியில் பேசினால்தான் அவர்கள் காதில் விழும் என்று நினைத்திருப்பார். ஆனா மனுஷனை இயந்திரத்தோடு ஒப்பிட்டே மனுஷனுக்காக வாதாடியது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது. மில் எப்படி நடக்கணும் என்று தொழிலாளர்களைக் கேட்டு அவர் முடிவு செய்ததும் இல்லை.

மில்லைப் பார்க்க 10 வருஷத்தில் சுமார் 20,000 பேர் வந்தார்கள். பின்னாளில் ரஷ்யப் பேரரசர் ஆன நிக்கோலஸும் அதில் ஒருவர். பார்த்தார்கள், பாராட்டினார்கள், ஊருக்குப் போய்ப் பழையபடியே மில் நடத்தினார்கள். குழந்தைத் தொழிலாளர் பற்றி அவர் கேட்ட சட்டம் 1819-ல் வந்தது. அவர் கேட்டது 10 வயது வரம்பு, பத்தரை மணி நேர வேலை. கிடைத்தது 9 வயது, 12 மணி நேரம். அதுவும் பருத்தி மில்களுக்கு மட்டும். சட்டத்தை நடைமுறைப்படுத்த முறையான ஆய்வாளர்களும் இல்லை.

மில்லை விட்ட பிறகு

பாடத்திட்டம், மதக் கல்வி, நடனம் என்று வில்லியம் ஆலனோடும் உரசல் வந்தது. 1825-ல் அமெரிக்காவின் இந்தியானாவில் நியூ ஹார்மனி என்ற ஊரை வாங்கி, எல்லாருக்கும் எல்லாம் பொது என்ற சமுதாயத்தை உருவாக்கப் பார்த்தார். ஆர்வத்தில் வந்தவர்கள் நிறைய, வேலை தெரிந்தவர்கள் குறைவு. இரண்டே வருஷத்தில் திட்டம் உடைந்தது. சொத்தில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. டிரிங்க்வாட்டர் மில்லில் 6 வாரம் வாய் திறக்காமல் பார்த்துக் கற்ற அதே பழக்கத்தை அங்கே அவர் கொண்டுபோகவில்லை. பாதி நாள் அவர் ஊரிலேயே இல்லை.

அதன் பிறகு தொழிற்சங்கம், 8 மணி நேர வேலைக்கான பிரசாரம், உழைப்பு நேரத்தையே பணமாக மாற்றும் சந்தை என்று எத்தனையோ முயற்சி. பெரும்பாலும் நிலைக்கவில்லை. ஆனா 1844-ல் ராச்டேல் என்ற ஊரில் சில தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அவர்களில் ஓவன் கொள்கைக்காரர்களும் இருந்தார்கள். அந்த ராச்டேல் மாதிரிதான் உலகம் சுற்றி 1904-ல் சென்னை திருவல்லிக்கேணிக்கும் வந்தது. டி.யு.சி.எஸ். என்று சென்னைக்காரர்கள் சொல்லும் கூட்டுறவுச் சங்கத்தின் தொடக்கம் அதுதான்.

1858 நவம்பர் 17. 87 வயதில், பிறந்த ஊரான நியூடவுனிலேயே ஓவன் இறந்தார். நியூ லானார்க் மில் 1968 வரை ஓடியது. 2001-ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு மில் கட்டடம் இப்போது ஹோட்டல். இன்னொன்றில் பழைய காலத்து நூற்பு இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பருத்தி இல்லை, கம்பளி நூல் நூற்கிறது.